பிறஸ் (தூரிகை) எழுத்தில் ஓர் எழுத்துரு: வன்னிப் பெயர்ப்பலகையிலிருந்து கணினி வரை

முறிகண்டியில் பஸ் நின்றால் எல்லாரும் இறங்குவார்கள். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது கையில் ஒரு கச்சான் சரை, அதாவது கடலைப் பொட்டலம், இருக்கும். பல வருடங்களுக்கு முன் அப்படித் திரும்பும்போதுதான் ஒரு கடையின் தகரப் பலகையை நின்று பார்த்தேன். மஞ்சள் அடியில் சிவப்பு எனாமலால் 'கச்சான்' என்று நாலே நாலு எழுத்து. க-வின் தலைக்கோடு தடிப்பாக விழுந்திருந்தது. கீழே வளையும் இடத்தில் மெலிந்து, வால் முடியும் இடத்தில் மயிர்மயிராகப் பிரிந்திருந்தது. ச்-இன் புள்ளி வட்டமாக இல்லை. தூரிகையை ஒருமுறை ஊன்றி எடுத்த தடம், ஒரு நெல்மணி மாதிரி. எழுதியவர் அளவுகோல் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் நாலு எழுத்தும் ஒரே மூச்சில் நின்றன.

அந்த எழுத்தைக் கணினியில் கொண்டுவர எனக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது. முதல் இரண்டும் எழுத்தின் உருவத்தைப் பிடித்தன, கையின் வேகத்தை விட்டுவிட்டன. தூரிகை எழுத்துருவில் பார்ப்பவர் காண்பது ஒரு கை எங்கே ஊன்றியது, எங்கே ஓடியது, எங்கே விட்டது என்பதைத்தான். அது போனால் மிஞ்சுவது கோணலான சாதாரண எழுத்து. அதனால் இந்த வழிகாட்டியில் மென்பொருளைவிடத் தூரிகையைப் பற்றி அதிகம் இருக்கும்.

எந்த வகையைச் சொல்கிறோம்

தலைப்புக்கும் பெயருக்கும் பெரிதாகப் போடுவதற்கென்றே செய்யப்படும் எழுத்துருக்கள் உண்டு. பந்தி பந்தியாக வாசிக்க அவை உதவாது. அந்தக் கூட்டத்தில் ஒரு கிளைதான் தூரிகையால் இலகுவாக, அலட்டாமல் எழுதினது போன்ற வகை. ஆங்கில உலகில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ராபர்ட் ஈ. ஸ்மித் வரைந்த 'பிரஷ் ஸ்கிரிப்ட்' 1942இல் வந்தது. பிரான்சில் ரோஜே எக்ஸ்கொஃபோன் தன் கையெழுத்தையே வைத்து 'மிஸ்த்ரால்' என்ற எழுத்துருவை 1953இல் வெளியிட்டார். ஈய எழுத்துக் காலத்தில், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி அச்சுக்கட்டையாக இருந்த நேரத்தில், எழுத்துகள் கைகோத்து ஓடுவது போல அதை அமைத்தது பெரிய காரியம்.

தமிழில் இலவசமாகக் கிடைப்பவற்றில் இலங்கையரான தாரிக் அஸீஸ் செய்த 'கவிவாணர்' சாய்ந்த கையெழுத்துச் சாயல் கொண்டது. 'பலூ தம்பி' தடித்து உருண்டது. இரண்டும் நல்லவை. ஆனால் தகரத்தில் எனாமல் ஓடிய தடம் வேண்டுமென்றால் நாமே செய்துகொள்வதுதான் வழி.

முதலில் பலகைகளைப் படம் எடுங்கள்

ஒரு வாரம் ஒதுக்குங்கள். கிளிநொச்சிச் சந்தையடி, பரந்தன் சந்தி, புதுக்குடியிருப்பு, மாங்குளம், வவுனியா என்று எங்கே கையால் எழுதிய பலகை மிஞ்சியிருக்கிறதோ அங்கெல்லாம் போங்கள். பிளெக்ஸ் வந்த பிறகு அவை வேகமாகக் குறைந்து வருகின்றன. கடை முகப்பு மட்டும் போதாது. உழவியந்திரப் பெட்டியின் பின்தகடு, முல்லைத்தீவுக் கரையில் படகின் அணியம், பால் சேகரிக்கும் இடத்தின் சுவர், சைக்கிள் திருத்தும் கொட்டிலின் கதவு எல்லாவற்றையும் பாருங்கள். படகில் எழுதியவரின் கையும் கடையில் எழுதியவரின் கையும் ஒன்றாக இருக்காது. வளைந்த பலகையில் எழுதும்போது கோடு குறுகும்.

படத்தை நேர் எதிரே நின்று எடுங்கள். பிறகு கிட்டப் போய் ஒரே ஓர் எழுத்தை எடுங்கள். தூரிகை தொடங்கிய இடம், முடிந்த இடம், பெயின்ற் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடம் ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். பெயின்ற் மேடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் கடைசியில் போன கோடு. எழுதிய வரிசையை இப்படிக் கண்டுபிடிக்கலாம். பழைய பலகைகளில் 1978இல் தமிழ்நாட்டில் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, னை வடிவங்களும் கிடைக்கும். அவற்றையும் சேர்த்து வையுங்கள். பிற்பாடு மாற்று வடிவமாகப் பயன்படும்.

எழுதியவர் இருந்தால் தேடிப் போய்ப் பேசுங்கள். எனக்குக் கையைப் பழக்கிவிட்ட ஐயா முதல் நாள் சொன்னது இவ்வளவுதான்: "இழுக்காதை தம்பி. விடு. பிறஸ் தன்ர பாட்டில போகும்." அதற்கு அர்த்தம் விளங்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

தூரிகை, மை, தாள்

தட்டைத் தூரிகைதான் வேண்டும். நுனி உளி மாதிரி நேராக இருக்க வேண்டும். 8 மில்லிமீற்றர் அகலம் தொடங்குவதற்கு நல்லது. கூர்முனைத் தூரிகையால் அழகாக எழுதலாம், ஆனால் அது வேறு சுபாவம். அழுத்தத்துக்கு அழுத்தம் தடிப்பு மாறும், 180 எழுத்தில் ஒரே தடிப்பைக் காப்பாற்றுவது புதியவருக்குக் கடினம்.

தாளில் எழுதும்போது எனாமல் வேண்டாம். எண்ணெய் தாளில் ஊறிப் பரவும். கறுப்புப் போஸ்டர் கலரைத் தயிர்த் தண்ணீர்ப் பதத்துக்குக் கரையுங்கள். தண்ணி கூடினால் கோட்டின் நடுவில் சாம்பல் நிறம் விழும், ஸ்கானில் ஓட்டை ஓட்டையாக வரும். தடித்தால் தூரிகை இழுபடும். தாள் வழுவழுப்பாக இருக்கட்டும். சொரசொரப்புத் தாளில் வால் பிரிவது அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வோர் எழுத்திலும் அது வந்தால் கண் களைத்துவிடும்.

பழகுவதற்குப் பழைய பத்திரிகை. பக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் பத்திகளின் ஓரங்களே மேல்கோடு, கீழ்கோடாக நிற்கும். பலகை எழுதுபவர்கள் கையைப் பழக்கும் பழைய வழி இது, காசும் செலவில்லை.

எழுத்தின் உயரம் தூரிகை அகலத்தைப் போல ஆறு மடங்கு. 8 மில்லிமீற்றர் தூரிகைக்கு க-வின் உடல் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் வரும். ஐந்து மடங்குக்குக் கீழே போனால் ண, ஞ, ஐ போன்ற சுழி எழுத்துகளின் உள்வெளி அடைபடும். எட்டுக்கு மேலே போனால் எழுத்து மெலிந்து பலகைக் குணம் போய்விடும்.

எத்தனை எழுத்து எழுத வேண்டும்

தமிழ் எழுத்து 247 என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எழுத்துருவுக்கு அவ்வளவும் வேண்டாம். கா, கெ, கை, கொ எல்லாம் துண்டுகளாகச் சேர்ந்துகொள்ளும். தனியாக எழுத வேண்டியவை உயிரும் ஆய்தமும் 13, மெய்யின் அகர வடிவம் 18, புள்ளி வைத்தவை 18, இகரம் 18, ஈகாரம் 18, உகரம் 18, ஊகாரம் 18. இவற்றோடு ா, ெ, ே, ை மற்றும் ஔகாரத்தின் வலப்பக்கத் துண்டு. மொத்தம் 126. பிறகு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, அவற்றின் புள்ளியும் இகர ஈகாரங்களும், ஸ்ரீயும் இருக்கின்றன. 'லக்ஷ்மி ஸ்ரோர்ஸ்', 'ஸ்ரீ முருகன்' என்று கடைப் பெயர் வராத ஊர் இல்லை, அதனால் கிரந்தத்தை விட்டுவிடாதீர்கள். எண்கள், நிறுத்தக்குறிகள் சேர்த்தால் சுமார் 180 வரும்.

இகர ஈகாரத்தில் டி, டீ இரண்டும் தனிப் பிறவி. விசிறி (ி, ீ) மேலே ஏறாமல் ட-வின் காலோடு ஒட்டும். உகரத்தில் மூன்று குடும்பம் உண்டு. கு, டு, மு, ரு, ழு, ளு சுற்றி வளைப்பவை. ஙு, சு, பு, யு, வு கீழே நேராக இறங்குபவை. ஞு, ணு, து, நு, லு, று, னு கீழே சுழித்து மேலே ஏறுபவை. ஊகாரத்தில் கூ, சூ, பூ மூன்றும் மூன்று விதம். இந்தக் குடும்பங்களைத் தெரிந்துகொண்டு எழுதினால் ஒரு குடும்பத்தில் கை பழகியவுடன் மற்றவை வரிசையாக வந்துவிடும். அகரவரிசையில் எழுதினால் ஒவ்வோர் எழுத்துக்கும் கை திரும்பத் திரும்பப் புதிதாகத் தொடங்கும்.

இனி நான் மிகவும் விரும்பும் ஒரு விசயம். ஆங்கிலத் தூரிகை எழுத்துருவில் ஒரே எழுத்து இரண்டு தரம் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் அச்சு அசலாக நிற்கும், உடனே 'இது கை இல்லை, யந்திரம்' என்று காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தவிர்க்க அங்கே மாற்று வடிவங்கள் வரைந்து விதி எழுதுகிறார்கள். தமிழில் இரட்டிப்பு எப்போதும் புள்ளியோடுதான் வரும். க்க, ச்ச, ட்ட, ப்ப. முதலாவது புள்ளி வடிவம், இரண்டாவது அகர வடிவம், அதாவது எழுத்துருவுக்குள் இரண்டும் வெவ்வேறு உருவங்கள். அதனால் க்-ஐயும் க-வையும் தனித்தனியாக எழுதுங்கள். க-வை எழுதிவிட்டு அதன் மேல் புள்ளி ஒட்டாதீர்கள். க்-ஐக் கொஞ்சம் ஒடுக்கமாக, வாலைக் குறைத்து எழுதினால் 'அக்கா', 'பச்சை', 'தட்டு' எல்லாம் கையால் எழுதினது போலவே நிற்கும். எந்த விதியும் எழுதாமல் நம் எழுத்தின் அமைப்பே இதைத் தருகிறது.

எழுதுதல்

ஓர் ஏ4 தாளில் ஆறு எழுத்து. ஒவ்வோர் எழுத்தையும் குறைந்தது மூன்று தரம் எழுதுங்கள். அப்படியென்றால் ஏறக்குறைய 90 தாள். ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம், ஆனால் ஒரே குடும்பத்தை ஒரே இருப்பில் முடியுங்கள். காலையில் எழுதிய கையும் வெயில் ஏறிய பிறகு எழுதிய கையும் வேறு.

தூரிகையின் நுனியை எழுதும் கோட்டுக்கு ஏறக்குறைய 30 பாகை சாய்வில் வைத்து, எழுத்து முழுக்க அந்தச் சாய்வை மாற்றாமல் வைத்திருங்கள். தடிப்பும் மெலிவும் தானாக வரும். க எழுதும்போது தலைக்கோட்டை முதலில் இழுத்து, தூரிகையை எடுத்து, நடுக்கோட்டை இறக்கி, இடப்பக்கச் சுழியைத் தனியாகவும் வலப்பக்க வளைவைத் தனியாகவும் எழுதுங்கள். பேனையால் எழுதுவது போல எடுக்காமல் எழுதினால் தட்டைத் தூரிகை திரும்பும் இடத்தில் நெளியும். ஆனால் வலப்பக்க வளைவு கீழே வந்து வாலாகும் வரை நிறுத்தக் கூடாது. ஐயா 'விடு' என்றது அந்த இடத்தில்தான். வால் பாதி வந்ததும் அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும், கை மட்டும் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

புள்ளியை வட்டமாக வரையாதீர்கள். ஒரே ஊன்றல், அதே சாய்வில். விசிறியும் அப்படித்தான், மேலே ஏறி வளைந்து இறங்கும்போது கடைசி நுனி மெலியட்டும்.

இரண்டு இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்துக் கவனியுங்கள். ஒன்று, ர-வும் காலும் (ா). தூரிகையில் இரண்டும் ஒன்றாகிவிடும் ஆபத்து அதிகம். ர-வின் அடியில் சாய்ந்து வெளியே வரும் வெட்டைத் தெளிவாக விடுங்கள், காலின் அடியை வெட்டென்று நிறுத்துங்கள். மற்றது, எ-ஏ, ஒ-ஓ, ெ-ே. ஏ-யின் கீழ்ச்சாய்வும் ஓ-வின் அடிச்சுழியும் ே-யின் மேற்சுழியும் தூரத்தில் தெரிய வேண்டும். அழகுக்காக அவற்றைச் சுருக்கினால் 'மேடு' 'மெடு' ஆகிவிடும்.

ஸ்கானும் கோடும்

அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில், கறுப்பு வெள்ளையாக அல்லாமல் சாம்பல் நிலையில் ஸ்கான் செய்யுங்கள். 5 சென்ரிமீற்றர் எழுத்து 1,180 புள்ளி உயரம் வரும், அது தாராளம். கைபேசிப் படம் ஓரத்தில் வளையும், ஸ்கானர் இல்லாத ஊரென்றால் நகரத்தில் ஒரு கடையில் 90 தாளையும் ஒன்றாகக் கொடுத்து எடுத்துவிடலாம்.

இங்க்ஸ்கேப் இலவச மென்பொருள். அதில் படத்தைக் கோடாக மாற்றும் வசதி இருக்கிறது. வெளிச்ச எல்லையை ஏற்றி இறக்கி, எழுத்தின் தடிப்பு தாளில் இருந்தபடி வரும் இடத்தில் நிறுத்துங்கள். எல்லா எழுத்துக்கும் அதே எண்ணை வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்று கொழுக்கும் ஒன்று மெலியும்.

தானாக வரும் கோட்டில் தேவைக்கு மிஞ்சிய கணுக்கள், அதாவது கோட்டைப் பிடித்து வளைக்கும் புள்ளிகள், இருக்கும். குறையுங்கள். வளைவின் உச்சியிலும் அடியிலும் இடத்திலும் வலத்திலும் ஒவ்வொரு கணு, கோடு உடையும் மூலைகளில் ஒவ்வொன்று. நடு வளைவுகளை நன்றாக வழித்துவிடுங்கள், ஆனால் தொடக்கத்தையும் முடிவையும் தொடாதீர்கள். என் முதல் முயற்சி இந்த இடத்தில்தான் செத்தது. எல்லாவற்றையும் 'சுத்தம்' செய்தேன். வால்கள் எல்லாம் சோப்புக்கட்டி மாதிரி உருண்டு போயின. மூன்றாம் தரம் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: உடல் வழுவழுப்பு, நுனி கரடு. பிரிந்த மயிர் மூன்றுக்கு மேல் இருந்தால் இரண்டாக்குவேன், எல்லாவற்றையும் எடுக்க மாட்டேன். ஸ்ரிக்கர் வெட்டும் யந்திரத்துக்குப் போகும் எழுத்துரு என்றால் மட்டும் மயிரே இல்லாத இன்னொரு பிரதி செய்து வையுங்கள். சின்னத் துணுக்குகள் வெட்டும்போது உரிந்துவிடும்.

எழுத்துருவாகக் கட்டுதல்

எழுத்துரு கட்டும் ஃபொண்ட்ஃபோர்ஜ் மென்பொருளும் இலவசம். எழுத்து அமரும் சதுரம் 1,000 அலகு. க-வின் உடல் 560 அலகு உயரம் வரும்படி எல்லா எழுத்தையும் ஒரே விகிதத்தில் சிறிதாக்கிக் கொண்டுவாருங்கள். மேல் எல்லை 900, கீழ் எல்லை 450 என்று தாராளமாக வையுங்கள். கீழே சூ, மூ, ஞூ இறங்கும், மேலே விசிறி ஏறும். எல்லை போதாவிட்டால் சில மென்பொருள்களில் தலையும் காலும் வெட்டுப்படும்.

ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கு உயிர், ஆய்தம், மெய்யின் அகர வடிவம், உயிர்க்குறி, புள்ளி போன்றவைதான் தனி இலக்கம் கொண்டவை. 'கு' என்பதற்கு இலக்கம் இல்லை. க-வும் ு-வும் அடுத்தடுத்து வந்தால் இந்த உருவத்தைக் காட்டு என்று நாம் விதி எழுத வேண்டும். புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஐந்துக்கும் இதே மாதிரி. க்ஷவும் ஸ்ரீயும் அவற்றுக்கு முன்னரே இணைய வேண்டியவை, அவற்றுக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. ஸ்ரீயைச் சிலர் ஸ-வோடும் சிலர் ஶ-வோடும் தட்டுவார்கள், இரண்டுக்கும் விதி போடுங்கள். இது தமிழுக்கான விதி என்று எழுத்துருவுக்குள் காட்டப் பழைய குறி (taml) ஒன்று, புதிய குறி (tml2) ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. விதிகள் இரண்டின் கீழும் இருக்கட்டும்.

கொ, கோ, கௌ பற்றிக் கவலைப்பட வேண்டாம். கணினி அவற்றைத் தானே பிரித்து, கொம்பை முன்னால் கொண்டுபோய் வைக்கும். நாம் கொம்பை மட்டும் நன்றாக வரைந்தால் போதும்.

விதிகளை வெறுமையிலிருந்து எழுதுவதற்குப் பதில், திறந்த உரிமத்தில் உள்ள ஒரு தமிழ் எழுத்துருவின் விதிக் கோப்பைத் திறந்து படியுங்கள். எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பது ஓர் இரவில் விளங்கும். அதையே எடுத்துப் பயன்படுத்தினால் பெரும்பாலும் உங்கள் எழுத்துருவும் அதே உரிமத்தில் போக வேண்டியிருக்கும், உரிமத்தை வாசிக்க மறக்காதீர்கள்.

இடைவெளி

இதற்கு அவசரம் கூடாது. தூரிகை எழுத்து நெருக்கமாக நின்றால்தான் ஒரே மூச்சில் எழுதினது போல இருக்கும். ந-வையும் ப-வையும் முதலில் சரிசெய்யுங்கள், ஏனென்றால் அவற்றின் ஓரம் நேரானது. அப்புறம் வளைந்தவை. ட-வின் வலப்பக்கம் மேலே வெறுமையாக இருக்கும், அதற்குப் பின்னால் வரும் எழுத்தைச் சற்று உள்ளே இழுக்க வேண்டும். விசிறி வைத்த எழுத்துக்குப் பின்னால் புள்ளி எழுத்து வந்தால் இரண்டும் முட்டும், 'கிள்' என்று தட்டிப் பாருங்கள். கொம்பு தன் எழுத்தோடு ஒட்டியும், முந்திய எழுத்திலிருந்து விலகியும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வாசிப்பவருக்குக் கொம்பு யாருடையது என்று தெரியாது.

சோதனைச் சொல்: புதுக்குடியிருப்பு

எழுத்துருவைச் சோதிக்க நம் ஊர்ப் பெயர்களே போதும். புதுக்குடியிருப்பு மாதிரி ஒரு சொல் வேறு கிடைக்காது. பு, து, க், கு, டி, யி, ரு, ப், பு. ஒன்பது எழுத்தில் ஐந்து உகரம். மூன்று உகரக் குடும்பமும் அதற்குள் இருக்கின்றன: பு நேராக இறங்குகிறது, து சுழித்து ஏறுகிறது, கு-வும் ரு-வும் சுற்றி வளைக்கின்றன. டி-யின் தனிப் பிறவி நடுவில் நிற்கிறது. க்கு, ப்பு என்று இரண்டு இரட்டிப்பு. தொடக்கத்திலும் முடிவிலும் அதே பு. இந்தச் சொல்லைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி, கீழே இறங்கும் வால்கள் ஐந்தையும் மட்டும் பாருங்கள். ஒரே ஆழத்துக்கு இறங்கினால் சீப்பு மாதிரி இருக்கும். ஒன்று அதிகம் இறங்கினால் சொல் அந்தப் பக்கம் சரியும். நான் பு-வின் வாலை 30 அலகு குறைத்தேன், கு-வின் வளைவைச் சற்று அகலமாக்கினேன். அதன் பிறகுதான் சொல் நிலத்தில் நின்றது.

காலையும் ர-வையும் சோதிக்க 'மன்னார்'. காலுக்குப் பக்கத்திலேயே ர் வருகிறது. கொம்புக்கும் இகரத்துக்கும் 'கிளிநொச்சி', ஏகாரத்துக்கு 'நெடுங்கேணி', ஐகாரத்துக்கு 'முள்ளியவளை', 'வற்றாப்பளை'. 'ஒட்டுசுட்டான்' ட-வின் இடைவெளியைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு தூரச் சோதனை. பலகை எழுதுபவர்களின் கணக்கு அங்குலத்துக்குப் பத்து அடி. அதாவது ஓர் அங்குல எழுத்துப் பத்து அடியில் வசதியாக வாசிக்கலாம். ஏ9 வீதியில் 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பஸ் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீற்றர் போகிறது. 50 மீற்றருக்கு முன்னால் பலகை கண்ணில் பட்டால் வாசிக்க மூன்றே விநாடி. அந்தத் தூரத்துக்கு 16 அங்குல எழுத்து வேண்டும். மூன்று விநாடியில் தூரிகை எழுத்தில் இரண்டு சொல்லுக்கு மேல் யாரும் வாசிக்க மாட்டார்கள். பெயரைத் தூரிகையில் போட்டு, மற்றதெல்லாம் சாதாரண எழுத்தில் போடுங்கள்.

எங்கே பொருந்தும், எங்கே கூடாது

கச்சான் கடை, தேநீர்க்கடை, தயிரும் நெய்யும் விற்கும் இடம், தேன் போத்தல் சுட்டி, பனங்கட்டிப் பொதி, ஓட்டோவின் பின்கண்ணாடி, உழவியந்திரப் பெட்டி, படகின் பெயர், விளையாட்டுக் கழகத்தின் ரீசேட். கையால் செய்த பொருளுக்குக் கை எழுத்துப் பொருந்தும். வற்றாப்பளைப் பொங்கலை ஒட்டிப் போடும் தண்ணீர்ப்பந்தல் பதாகைக்கும் நன்றாக இருக்கும். கலியாண அழைப்பிதழில் மணமக்கள் பெயருக்கு மட்டும் போடலாம், முகூர்த்த நேரத்துக்குப் போடாதீர்கள். 6 மணியா 8 மணியா என்று ஒரு பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் நிலை வரக் கூடாது. தொலைபேசி இலக்கத்துக்கும் அதே காரணம்.

மரண அறிவித்தலுக்கு வேண்டாம். மருந்து, கிருமிநாசினி, மின்சாரம், ஆழமான குளம் என்று உயிரோடு சம்பந்தப்பட்ட எந்த அறிவிப்புக்கும் வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த மண் இது. அந்த எழுத்து எவ்வளவு நேராக, எவ்வளவு விறைப்பாக இருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். எச்சரிக்கை அப்படித்தான் இருக்க வேண்டும்.

மும்மொழிப் பலகையென்றால் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அதே தடிப்பில் ஓர் எழுத்துருவைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் தமிழ்ப் பெயரைத் தூரிகையிலும் மற்ற இரண்டையும் எளிய எழுத்திலும் போடலாம். மூன்றையும் மூன்று விதமான தூரிகையில் போட்டால் பலகை சந்தையாகிவிடும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது

ஒருமுறை ஒரு கடைத் திறப்புக்குப் பதாகை செய்து, கோப்பை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். எட்டடிப் பதாகையில் கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் வந்திருந்தன. விடிந்தால் திறப்பு விழா. கடைக்கார அண்ணை ஒன்றும் பேசாமல் அதைச் சுருட்டி வைத்தார், அந்த மௌனம் இன்றும் மனதில் இருக்கிறது. அங்கிருந்த மென்பொருள் தமிழ் விதிகளை ஓட்டவில்லை. அன்றிலிருந்து எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிய பிரதியைத்தான் கொடுக்கிறேன். எழுத்தாக உள்ள பிரதி என்னிடம் இருக்கும், திருத்தம் வந்தால் அதில் திருத்தி மறுபடி மாற்றுவேன். இலஸ்ரேற்றர், ஃபோட்டோஷொப் பயன்படுத்துபவர்கள் பந்தி அமைப்பில் தென்னாசிய மொழிகளுக்கான தெரிவைப் போட்டால் கொம்பு தன் இடத்தில் நிற்கும்.

வாடிக்கையாளர் தரும் வாசகம் பல நேரம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருக்கும். பாமினி ஒருங்குறி இல்லை, உங்கள் எழுத்துருவில் போட்டால் தமிழே வராது. இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளில் போட்டு ஒருங்குறியாக்கி, பிறகு ஒரு தரம் முழுக்க வாசியுங்கள். மாற்றும்போது எழுத்துப் பிசகும்.

எங்கள் வெயிலில் சிவப்பு முதலில் வெளிறும், காய்ந்த மாதங்களில் செம்மண் புழுதி வெள்ளை அடியை மூடிவிடும். கரும்பச்சை, கருநீலம், கறுப்பு எழுத்து மஞ்சள் அடியில் அதிக நாள் நிற்கும். சிவப்புத்தான் வேண்டும் என்றால் எழுத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு ஓரம் கொடுங்கள். சிவப்பு வெளிறினாலும் உருவம் நிற்கும்.

பெயரும் உரிமமும்

ஒரு பலகை எழுத்தாளரின் கையைப் பார்த்துச் செய்தீர்கள் என்றால், வெளியிடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். எழுத்துருவின் தகவல் பகுதியில் வடிவமைத்தவர் என்ற இடத்தில் அவர் பெயரையும் போடலாமா என்று கேளுங்கள். நான் ஐயாவிடம் மடிக்கணினியைக் கொண்டுபோய், அவர் பெயரை அந்த எழுத்திலேயே தட்டிக் காட்டினேன். நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் திரையைத் தொட்டு, "இந்த ள-வின்ர வால் கொஞ்சம் நீளம், தம்பி" என்றார். அது சரிதான். 20 அலகு குறைத்து, பதிப்பு இலக்கத்தை 1.1 ஆக்கினேன்.